ஆளில்லாத் துறை பார்த்தவர்கள்

அந்தப் போனில் ஒருத்தர் கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறாரே, அது பட விமர்சனமா தம்பி? அப்படித்தான் நினைத்தேன். சத்தம் வராவிட்டாலும் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. படம் பிடிக்காத மனுஷனுக்கு மூக்கு இப்படித்தான் விடைக்கும். அந்தக் குழாயைக் காதிலிருந்து கொஞ்சம் கழற்றுங்கள். பஸ் மதுரை போய்ச் சேருகிறவரைக்கும் அதையே மாட்டிக்கொண்டிருந்தால் காது என்னத்துக்கு ஆகும்? இல்லை இல்லை, ஜன்னலோரம் எனக்கு வேண்டாம், நீங்களே இருந்துகொள்ளுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ரோட்டில் போகிறவன் ஆளை அடையாளம் கண்டுவிடுவான். எவன் என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் வருகிறேன்.

நானும் விமர்சகன்தான் தம்பி. பெயர் குற்றாலிங்கம். அம்பாசமுத்திரத்தில் வந்து குத்தாலம் என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். வாலிபத்தில் எனக்கு சினிமா விளம்பரம்தான் தொழில். மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவேன். 'இன்று முதல்' என்று நான் எடுத்தால் கைக்குழந்தை பால் குடிக்கிறதை நிறுத்திவிடும். ஒரு தடவை கல்லிடைக்குறிச்சியில் நான் கதை சொன்ன சொல்லில் ஒரு சாவு வீட்டுக்காரர்கள் பாடையை இறக்கி வைத்துவிட்டு மாட்னிக்குப் போய்விட்டார்கள். சிரிக்காதீர்கள். செத்தவரும் எழுந்து தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்கிறார்கள், அதை நான் நம்பவில்லை. நான் உண்மையை மட்டும்தான் சொல்வேன்.

படப்பெட்டி வந்து இறங்கும் முன்னாலேயே என் வண்டி கிளம்பிவிடும். படத்தைப் பார்த்துவிட்டா கதை சொல்ல முடியும்? தட்டியில் இருக்கிற முகங்களைப் பார்த்து நானே ஒரு கதை கட்டிச் சொல்வேன். படத்தில் இருந்ததைவிட அது நன்றாக இருக்கும். 'குத்தாலம் சொன்ன சீனை ஏம்லே வெட்டுனீங்க' என்று ஜனம் ஆபரேட்டரோடு சண்டைக்குப் போயிருக்கிறது. ஆனால் முடிவு மட்டும் சொல்ல மாட்டேன். முடிவு கட்டுகிற வேலையை நான் வைத்துக்கொள்வதே இல்லை, அது தியேட்டர்க்காரன் பாடு.

இப்போது வண்டியும் இல்லை, மைக்கும் இல்லை. எங்கள் கோஷ்டி மட்டும்தான். நாலு பேர். வெள்ளிக்கிழமை காலைக்காட்சி முடிந்ததும் மீனாம்பாள் டாக்கீஸ் வாசலில் பூவரச மரத்தடியில் கூடுவோம். அங்கே பூலுடையாரின் இளநீர் வண்டி நிற்கும். ஆளுக்கொரு இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வோம். படம் தேறாது என்று நாங்கள் சொல்லிவிட்டால் மாட்னிக்கு நிற்கிற வரிசை அப்படியே கலைந்து வீட்டுக்குப் போய்விடும்.

மற்ற மூன்று பேரில் உமையொருபாகம் அண்ணாச்சி தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவருக்கு லாஜிக் வேண்டும். கதாநாயகன் ஊரையே அடித்துப் போட்டாலும் பரவாயில்லை, எந்த ஸ்டேஷனில் கேஸ் எழுதினார்கள் என்று கேட்பார். தங்கப்பழம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். படத்தில் பெற்ற தாய் செத்துக் கிடப்பாள், இவன் 'லைட்டிங்கைப் பாரும்வே' என்பான். மைதீன் பாய் டெய்லர். அவருக்குக் கதையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். 'வில்லனுக்குக் கழுத்துப் பட்டி சரியா உக்காரல, அதான் படம் ஓடல' என்பார்.

இவர்களிடம் ஒரு குணம், என்னிடமும்தான். பார்க்காத படத்தைப் பார்க்கவில்லை என்று எங்களில் ஒருத்தர்கூட இந்த ஜன்மத்தில் சொன்னது கிடையாது. சொன்னால் என்ன ஆகும்? அந்த வெள்ளிக்கிழமை முழுக்க வாயை மூடிக்கொண்டு இளநீர் குடிக்க வேண்டும். அதற்கு மூச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

பூலுடையார் மட்டும் படமே பார்க்கிறதில்லை. காரணம் அவன் மகன் சேர்மராஜ். நல்ல முகவெட்டு. இடது புருவத்தில் சின்னதாக ஒரு வெட்டுத் தழும்பு, அதுவே ஒரு அழகு. பையன் அப்பனுக்கு உதவியாக வண்டியில் நிற்கும்போது நாங்கள் சொல்வோம்: 'ஏய், நீ சினிமாவுல சேந்தா இப்ப இருக்கவன்லாம் மூட்டையைக் கட்டணும்டா.' ஒரு பேச்சுக்குச் சொல்வதுதானே தம்பி. உங்களைக்கூடச் சொல்வேன். அவன் அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டு அப்பனோடு சண்டை போட்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டான். போனவன் போனவன்தான், ஒரு தகவல் இல்லை. பூலுடையாருக்குப் பெண்டாட்டி முன்னமே இல்லை. இருந்தது அந்த ஒரு பிள்ளை. அதற்கப்புறம் அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். நாங்கள் பேசுவோம், அவன் சீவுவான். சரக், சரக் என்று மூன்று வெட்டு, கண் திறந்துவிடும். காயைப் பார்த்துக்கூட வெட்ட மாட்டான்.

இதில் எனக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். ஒரு பெரிய படம் வந்தது. எங்கள் ஊருக்கு வரவில்லை, திருநெல்வேலியில் மட்டும். இந்த மூன்று பேரும் தங்கப்பழத்தின் காரில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். காரில் இடம் இருந்தது. என்னைக் கூப்பிடவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்களாம். ஆளைப் பார்க்காமலே காய்ச்சல் என்று நினைக்கிறதுக்கு இவர்கள் என்ன டாக்டரா?

வெள்ளிக்கிழமை பேச்சு முழுக்க அந்தப் படம்தான்.

'இன்டர்வெல்ல ஒரு முடிச்சு போட்டு விட்டான் பாரும், நாற்காலியை விட்டு எந்திரிச்சிட்டேன்' என்றார் உமையண்ணாச்சி.

'கேமரா மேல இருந்து எறங்குதுவே, அப்படியே கழுகு எறங்குத மாதிரி' என்றான் தங்கப்பழம்.

'குத்தாலம், உமக்கு எப்படி இருந்துச்சு?' என்று மைதீன் கேட்டார். நான் பார்க்கவில்லை என்று தெரிந்தே கேட்கிறார். உதட்டோரம் ஒரு சிரிப்பு.

நான் இளநீரைக் கீழே வைத்தேன். 'அதெல்லாம் ஒரு படமாவே? நான் தென்காசியில ஒரு படம் பாத்தேன். பேரு ஆளில்லாத் துறை. ஒரே நாள்தான் ஓடுச்சி. போஸ்டர்கூட ஒட்டலை. கூட்டம் இல்லைன்னு மறுநாளே எடுத்துட்டான். பாத்த நாங்க நாலஞ்சு பேரு வெளிய வந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க முடியாம நின்னோம்.'

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. கதையும் அப்படித்தான் வந்தது. ஆற்றில் ஒரு துறை. ஆள் நடமாட்டம் இல்லை. தோணி ஒன்று மட்டும் கரையில் நிற்கும். கூட்டமாக ஏறினால் ஒன்றும் இல்லை. தனியாக ஏறுகிறவன் அக்கரை போய்ச் சேருவதில்லை. தோணி மட்டும் திரும்பி வந்து பழைய இடத்தில் நிற்கும், உள்ளே தண்ணீர்கூடத் தெறித்திருக்காது. யார் செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவுதான் சொன்னேன். மூன்று பேர் கையிலும் இளநீர் அப்படியே நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை உமையண்ணாச்சி வந்ததும் வராததுமாகச் சொன்னார்: 'அந்த ஆளில்லாத் துறையை நானும் பாத்துட்டேன் குத்தாலம். மருமகன் போன்ல அனுப்பியிருந்தாரு. தேவலை. ஆனா போலீஸ் அந்தத் தோணியை ஏன் பறிமுதல் பண்ணலைங்கறதுக்கு ஒரு வசனம் வச்சிருக்கலாம்.'

தங்கப்பழம் விடுவானா? 'நான் அன்னைக்கே பாத்துட்டேன், சொல்லலை. அந்தப் பனி சீன் எப்படி எடுத்தான்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். கேமரா தண்ணிக்குள்ள இருந்து மேல பாக்குது. தோணியோட அடி மட்டும் தெரியுது. அதுல நகத்தால கீறுன தடம்.'

'பாட்டே இல்லாம ஒரு படம்' என்றார் மைதீன். 'துடுப்பு சத்தம்தான் பாட்டு. எனக்கு ரெண்டு நாள் காதுல கேட்டுச்சு.'

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அப்புறம் அந்த நகத் தடத்தை யோசித்துப் பார்த்தேன். நான் பனி என்றே சொல்லவில்லை தம்பி. நகம் என்றும் சொல்லவில்லை. ஆனாலும் நல்ல சீன். எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று இருந்தது. அதனால் விடாமல் நானும் ஒன்று சேர்த்தேன்.

'அந்தத் துறைக்கு ஒரு பையன் வருவானே, கவனிச்சீங்களா? துறையில என்ன நடக்குன்னு கண்டுபிடிக்கேன்னு சொல்லிக்கிட்டுத் திரிவானே. இடது புருவத்துல வெட்டு. நம்ம சேர்மராஜ் ஜாடை இல்ல?'

அரிவாள் சத்தம் நின்றுவிட்டது.

'நானே சொல்லணும்னு நெனச்சேன்' என்றான் தங்கப்பழம். 'குளோசப் வச்சான் பாரும், சந்தேகமே இல்லை.'

'ஜாடை என்னவே ஜாடை, அவனேதான்' என்றார் உமையண்ணாச்சி.

மைதீன் கொஞ்சம் தயங்கினார். தயங்கிவிட்டு, 'போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை நான் தச்சது. பாக்கெட்டுக்கு மேல என் கைத் தையல். எனக்குத் தெரியாதா?' என்றார்.

பூலுடையார் வண்டியைச் சுற்றி வந்து எங்கள் முன்னால் நின்றான். பாதி சீவிய காய் ஒரு கையில், அரிவாள் ஒரு கையில். அவன் தொழிலுக்கு அது கையில் இருந்துதானே ஆக வேண்டும், அதை நான் குற்றம் சொல்லவில்லை.

'அண்ணாச்சி, நல்லாருக்கானா?'

'மெலிஞ்சிருக்கான்' என்றேன்.

'சாப்புடுதானா?'

'ஒரு சீன்ல சாப்புடுதானே. தோணியில உக்காந்து, மீன் கொழம்பு ஊத்தி.'

'அவன் மீன் தொட மாட்டானே அண்ணாச்சி.'

'நடிப்புல பூலுடையாரே. நடிப்புன்னா திங்கணும்லா.'

அவன் அதை யோசித்துப் பார்த்தான். 'மீன் திங்கப் பழகிட்டானா' என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். முகத்தில் ஒரு வெளிச்சம். எத்தனையோ காலத்துக்கு அப்புறம் அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு மனுஷனை அப்படிச் சிரிக்க வைத்தேனே, அதை ஊரில் ஒருத்தராவது சொல்கிறார்களா பாருங்கள்.

மறுநாள் வண்டி வரவில்லை. படத்தைத் தேடிப் போய்விட்டான். தென்காசியில் பார்த்தேன் என்றார்கள், திருநெல்வேலியில் பார்த்தேன் என்றார்கள். அப்புறம் மெட்ராஸ். படம் எடுக்கிற இடங்களில் வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டானாம். நாங்கள் வெள்ளிக்கிழமை கூடினோம். பூவரச மரத்தடியில் இளநீர் இல்லாமல் என்னமோ மாதிரி இருந்தது. ஒருத்தரும் ஆளில்லாத் துறை பற்றிப் பேசவில்லை. எனக்கு வாய் வரை வந்தது, 'ஏன்வே, உண்மையிலேயே நீங்க பாத்தீங்களா' என்று. கேட்டால், 'நீர் பாத்தீரா' என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் திரும்பி வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மெட்ராஸில் என்ன பார்த்தான், யாரைப் பார்த்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக எங்களிடம் வந்தான்.

'படம் கெடச்சிருச்சி அண்ணாச்சி. திங்கக்கிழமை காலையில மீனாம்பாள்ல போடச் சொல்லியிருக்கேன். நமக்கு மட்டும். நாலு பேரும் வந்துருங்க.'

இப்போதெல்லாம் வார நாள் காலையில் மீனாம்பாளில் ஈ ஓட்டுவதுதான் வேலை. காதுகுத்துக்குக்கூட வாடகைக்கு விடுகிறார்கள். ஆனால் படம்? நான் உமையண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தங்கப்பழத்தைப் பார்த்தார். தங்கப்பழம் மைதீனைப் பார்த்தான். மைதீன் பூவரச மரத்தைப் பார்த்தார். 'ரெண்டாந்தடவை பாக்கக்கூடிய படம்தான்' என்றார் உமையண்ணாச்சி.

போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படி? போகாதவன் பார்க்காதவன் ஆகிவிடுவானே.

உள்ளே போய் நடு வரிசையில் உட்கார்ந்தோம். பூலுடையார் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். விளக்குகள் அணைந்தன. திரையில் வெளிச்சம் விழுந்தது. வெறும் வெள்ளை வெளிச்சம் தம்பி. எழுத்து இல்லை, படம் இல்லை, சத்தம் இல்லை. வெள்ளை வேட்டியைக் காயப் போட்ட மாதிரி. கொஞ்ச நேரம் போனால் வரும் என்று பார்த்தோம். வரவில்லை.

பூலுடையார் நடைபாதையில் நின்றான். இடுப்பில் அரிவாள் செருகியிருந்தது. வண்டியை விட்டு நகர்ந்தால் செருகிக்கொள்வதுதான்.

'படம் ஓடுது' என்றான். 'எனக்குத்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. படம் பாத்துப் பழக்கம் இல்லைல்லா. நீங்க பாத்தவங்க. சொல்லுங்க, இதுல எம்புள்ள எங்க வாறான்?'

அவன் கேலி பேசுகிறானா, புத்தி பிசகிவிட்டானா, ஒன்றும் விளங்கவில்லை. முகத்தில் அந்த வெள்ளை வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. மைதீன் என் கையைப் பிடித்தார். உமையண்ணாச்சி முருகா முருகா என்று முனகினார்.

நான் எழுந்து நின்றேன். வேறு யார் இருக்கிறார்கள்? தொண்டையைச் செருமினேன். 'இந்தா, துறை தெரியுது பாரு பூலுடையாரே. விடியற நேரம். பனி எறங்குது' என்று எடுத்தேன். எடுத்ததும் குரல் அந்தக் காலக் குரலாக மாறிவிட்டது. மைக் இல்லை, ஆனாலும் சுவர் அதிர்ந்தது. தோணி ஆடுவதைச் சொன்னேன், தண்ணீர் சத்தத்தை வாயாலேயே போட்டேன். 'இந்தா வாறான் ஒம் மகன், கட்டம் போட்ட சட்டை' என்றபோது பூலுடையார் திரைக்குப் பக்கத்திலேயே போய்விட்டான். அந்த வெள்ளையைக் கையால் தடவிப் பார்த்தான். தங்கப்பழம் நகத் தடம் வருகிற இடத்தைச் சொன்னான். மைதீன் துடுப்பு சத்தம் சொன்னார். தம்பி, என் வாழ்நாளில் அப்படி ஒரு கதை நான் சொன்னதில்லை. கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டதே என்றுதான் இப்போதும் வருத்தம்.

பையன் தனியாகத் தோணியில் ஏறுகிறான். துறையின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கப் போகிறான். நடு ஆறு. பனி. பின்னால் யாரோ நிற்கிறார்கள். இங்கே நிறுத்தினேன். இங்கேதான் எப்போதும் நிறுத்துவேன்.

'அப்புறம்?' என்றான் பூலுடையார்.

நான் திரையையே பார்த்தேன்.

'அப்புறம் அண்ணாச்சி?'

வேறு எவனாவது இருந்தால் பையனைக் கரை சேர்த்திருப்பான். அப்பனும் மகனும் கட்டிப்பிடித்து அழ, ஊர் கூடிச் சிரிக்க, திரையில் 'வணக்கம்' போட்டிருப்பான். எனக்கு அந்த மாதிரி முடிவு பிடிக்காது தம்பி. கடைசியில் எல்லாரும் சேர்ந்து சிரித்தால் அது படமா, கல்யாண வீடியோவா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். இவ்வளவு தூரம் கட்டி எழுப்பிவிட்டு முடிவில் போய்க் கெடுப்பேனா? குத்திவிட்டேன். பின்னாலிருந்து ஒரே குத்து. பையன் தண்ணீரில் விழுகிறான். தோணி தானாகத் திரும்பி வந்து கரையில் நிற்கிறது.

அப்புறம் பூலுடையார் கேட்டான்: 'குத்துனது யாரு?'

'முகம் காட்டலை' என்றேன். 'அதுதான் படத்தோட அழகு. முதுகு மட்டும்தான்.'

அவன் மற்றவர்கள் பக்கம் திரும்பினான். 'நீங்களும் பாத்தீங்கள்லா. நீங்க சொல்லுங்க.'

உமையண்ணாச்சி கதவைப் பார்த்தார், தாழ்ப்பாளைப் பார்த்தார். 'வயசான ஆளு' என்றார்.

'தோள்ல பச்சைத் துண்டு கெடந்துச்சி' என்றார் மைதீன்.

'நடக்கும்போது வலது காலை லேசா இழுத்தான். அதை லோ ஆங்கிள்ல வச்சி எடுத்திருக்கான்' என்றான் தங்கப்பழம்.

அருமையான விவரங்கள். எனக்குக்கூடத் தோன்றவில்லை. நான் சந்தோஷத்தில் 'ஆமா, ஆமா' என்று தலையாட்டினேன்.

பூலுடையார் தாழ்ப்பாளைத் திறந்தான். நாங்கள் ஒவ்வொருத்தராக வெளியே வந்தோம். நான்தான் கடைசி, என்னால் வேகமாக நடக்க முடியாது, வாதக் கால். அவன் என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தான். பச்சைத் துண்டு யாரிடம்தான் இல்லை? அம்பாசமுத்திரத்தில் பாதிப் பேரிடம் இருக்கிறது. 'நல்ல படம் அண்ணாச்சி' என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் விமர்சனம் அது.

மறுநாள் காலையில் டாக்கீஸ் சுவரில், புதுப்பட போஸ்டர் ஒட்டுகிற இடத்தில், சேர்மராஜின் முகம். கண்ணீர் அஞ்சலி. மறைவு என்று போட்டு முந்தின நாள் தேதி. பூலுடையார் தலையை மழித்துக்கொண்டு அந்தப் போஸ்டருக்குக் கீழேயே வண்டியை நிறுத்தி இளநீர் விற்றுக்கொண்டிருந்தான். விவரம் தெரியாத சனம் துக்கம் கேட்டது. 'எப்படிப்பா நடந்துச்சி?' 'ஆத்துல. பின்னால நின்னு குத்திட்டான்.' 'யாரு?' 'தெரியலை. பாத்தவங்க இருக்காங்க. விசாரிச்சிக்கிட்டு இருக்கேன்.'

விசாரித்தான் தம்பி. வண்டிக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் விசாரித்தான். போலீஸ் மாதிரி இல்லை, ரொம்ப மரியாதையாக. 'ஆளில்லாத் துறைன்னு ஒரு படம், பாத்தீங்களா?' எங்கள் ஊர் சினிமாப் பைத்தியம் பிடித்த ஊர். பார்க்கவில்லை என்று எவன் சொல்வான்? முடி வெட்டுகிற மாடசாமி பார்த்துவிட்டான். பஸ் கண்டக்டர் பார்த்துவிட்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார் மூன்று தடவை பார்த்துவிட்டார். பார்த்தவன் சும்மா இருப்பானா? ஆளுக்கு ஒரு அடையாளம். குத்தினவனுக்கு முன்பல்லில் ஒன்று இல்லையாம். வெற்றிலை போடுவானாம். பேசிப் பேசியே ஆளைத் தோணியில் ஏற்றுவானாம்.

எனக்கு முன்பல் போனது பல்லாங்குழிப் பாறையில் புலியோடு சண்டை போட்டபோது. அது வேறு விஷயம், திருமங்கலம் தாண்டியதும் சொல்கிறேன்.

கோஷ்டி கலைந்துவிட்டது. உமையண்ணாச்சியைத் தெருவில் பார்த்தால் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போகிறார். தங்கப்பழம் ஸ்டுடியோ ஷட்டரை இறக்குகிறான். மைதீன் மட்டும் ஒரு நாள் மெஷினை மிதித்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: 'அந்தத் துண்டைக் கொஞ்ச நாளைக்குப் போடாதீரும் குத்தாலம்.' 'ஏன்வே, நீர்தானே பச்சைன்னு சொன்னீரு?' என்றேன். 'படத்துல அப்படித்தானவே இருந்துச்சி, நான் என்ன செய்ய?' என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை தம்பி. அவர் பார்த்துவிட்டார். அந்த வெள்ளைத் திரையில் நான் சொல்லச் சொல்ல அவர் நிஜமாகவே பார்த்துவிட்டார்.

பூலுடையார் எனக்குத் தினமும் ஒரு இளநீர் சீவிக் கொடுப்பான். நான் கேட்காமலே. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டுவான். சரக், சரக், சரக். நேற்றுப் பேசினான்.

'அண்ணாச்சி, அந்த ஆளு உங்களை மாதிரியே நடந்தானாமே.'

இனிமேல் சரிப்படாது என்று நானும் சொல்லிவிட்டேன். 'இங்க பாரு பூலுடையாரே, அப்படி ஒரு படமே கெடையாது. எல்லாம் சும்மா சொன்ன கதை.'

அவன் கோபப்படவில்லை. இளநீரை என் கையில் வைத்தான். 'வாத்தியார் சொன்னாரு' என்றான். 'படத்துலயும் அந்த ஆளு மாட்டிக்கிட்டப்ப இதைத்தான் சொல்லுவானாம். எல்லாம் சும்மா சொன்ன கதைன்னு.'

நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஊரே பார்த்த படத்தை நான் ஒருத்தன் இல்லை என்றால் எடுபடுமா? இதில் என் மேல் என்ன தப்பு? குத்தினது நான்தான், ஒத்துக்கொள்கிறேன், கதைக்காகக் குத்தினேன். துண்டு போட்டது மைதீன். காலை இழுக்க வைத்தது தங்கப்பழம். கிழவனாக்கியது உமையண்ணாச்சி. அவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் பிடித்தால்?

அதனால்தான் மதுரையில் மகள் வீட்டுக்குப் போகிறேன். பயந்துகொண்டு போகவில்லை. அவள் ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாள். காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு டாக்கீஸ் வழியாகத்தான் வந்தேன். வண்டி நின்றது. குலை தொங்கியது. பூலுடையாரைக் காணோம். கட்டையில் கொத்தி நிற்கிற அரிவாளையும் காணோம். டீ குடிக்கப் போயிருப்பான்.

நீங்கள் என்ன தம்பி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? கதை எப்படி?

என்னது? நீங்களும் பார்த்தீர்களா? ஆளில்லாத் துறையையா? எங்கே, திருப்பூரிலா? சரிதான். அது வேறு ஏதாவது படமாக இருக்கும். தோணியா? பனியா? அதெல்லாம் நான் இப்போது சொன்னதுதானே. அதைத் திருப்பி என்னிடமே சொன்னால் எப்படி?

குத்தினதுக்கு அப்புறம் இன்னொரு சீன் இருக்கிறதா? எங்களுக்குப் போட்டதில் அது இல்லையே. எங்கே நடக்கிறது? பஸ்ஸிலா? அந்த ஆள் பஸ்ஸில் ஏறிப் போகிறான். பக்கத்து சீட்டுப் பையனிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருகிறான். ம். அப்புறம்? நடுவழியில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில், ஒருத்தன் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்துகிறான்.

அப்புறம் தம்பி? ஏன் நிறுத்திவிட்டீர்கள்? நல்ல இடத்தில் நிறுத்துகிற வேலை எல்லாம் என்னிடம் வேண்டாம்.

கண்டக்டர் எதற்கு விசில் கொடுக்கிறார்? இங்கே ஊரே இல்லையே.

தம்பி, விளையாட்டுப் போதும். நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க முடியாது. பார்க்கவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பஸ் நிற்கிறது பாருங்கள், சீக்கிரம் சொல்லுங்கள்.